ரொக்கம் வாங்க மாட்டோம் என்று கடை சொல்லலாமா?

கேள்வி: “என் அம்மாவுக்கு 74 வயது. கடைத்தொகுதி ஒன்றில் உள்ள ரொட்டிக்கடையில் இரண்டு பன் எடுத்துக்கொண்டு 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டை நீட்டியிருக்கிறார். ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை அல்லது கைப்பேசியில்தான் கட்ட வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரசாங்கம் அச்சடித்த பணத்தை மறுக்க ஒரு கடைக்கு உரிமை உண்டா? எல்லாக் கடைகளும் இப்படி ஆகிவிடுமா? அம்மாவைக் கைப்பேசியில் கட்டப் பழக்குவதா, அவர் போக்கில் விட்டுவிடுவதா?”

சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள சிறு கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கணக்கெழுதுவது என் வேலை. கல்லாவுக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கஷ்டமும் தெரியும், இந்தப் பக்கம் நிற்பவரின் கஷ்டமும் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உரிமை உண்டா என்ற கேள்விக்கு நேரான பதில்: உண்டு. ஆனால் அந்த உரிமை ஒரு நிபந்தனையோடு வருகிறது. அந்த நிபந்தனையைப் பல கடைகள் அரைகுறையாகத்தான் கடைப்பிடிக்கின்றன.

சிங்கப்பூர் தன் சொந்தப் பணத்தை வெளியிடத் தொடங்கியது 1967-இல். நாணயச் சட்டமும் அந்த ஆண்டுக்குரியதுதான். அந்தச் சட்டப்படி இங்கே வெளியிடப்படும் நோட்டும் காசும் சட்டப்படி செல்லும் பணம். இதைக் கேட்டதும், எங்கே நீட்டினாலும் எதிரே இருப்பவர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று பெரும்பாலானவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் ஒருவருக்குப் பணம் தரவேண்டிய கடமை ஏற்கனவே இருந்தால், அதைத் தீர்க்க அந்த நோட்டு செல்லும் என்பதுதான் அதன் பொருள். கடையில் பன்னைக் கையில் எடுத்த நிமிடத்தில் உங்கள் அம்மாவுக்கும் கடைக்கும் இடையே இன்னும் வியாபாரமே முடியவில்லை. கடைக்காரர் விற்கலாம், விற்காமலும் இருக்கலாம். எந்த வழியில் பணம் கட்டினால் விற்பேன் என்று நிபந்தனை போடவும் அவருக்கு இடமுண்டு.

அந்த நிபந்தனையை எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில்தான் சட்டம் வாடிக்கையாளர் பக்கம் வருகிறது. குறிப்பிட்ட நோட்டையோ காசையோ வாங்க விருப்பமில்லை என்றால் அதைக் கடைக்காரர் எழுத்தில் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. பணத்தை நீட்டிய பிறகு சொல்வதும் போதாது.

இது எங்கே உண்மையில் முக்கியமாகிறது என்றால், சாப்பிட்ட பிறகு பணம் கட்டும் இடங்களில். வாழை இலை போட்டுச் சாப்பாடு பரிமாறும் கடைக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். சோறு, மீன் தலைக்கறி, கோழி எல்லாம் முடிந்து மோர் குடித்தாயிற்று. பில் வருகிறது. இப்போது நீங்கள் கடைக்குக் கடன்பட்டவர். வாசலிலோ மேசையிலோ உணவுப் பட்டியலிலோ எந்த அறிவிப்பும் இல்லாமல், அந்த நேரத்தில் ரொக்கம் வேண்டாம் என்று சொன்னால் நியாயமும் சட்டமும் உங்கள் பக்கம். ரொட்டிக்கடை போலப் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளை எடுத்துப் போகும் இடத்தில் அந்த அளவு பலம் உங்களுக்கு இல்லை. பன்னைத் திரும்ப வைத்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். அங்கேயும் எழுத்தில் அறிவிப்பு இருந்ததா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நான் பார்க்கும் நடைமுறை இது: கல்லாவுக்குப் பக்கத்தில், பணம் கட்டும் கருவியின் ஓரத்தில், ஆங்கிலத்தில் மட்டும் ஒரு சின்ன ஒட்டி. வரிசையில் நின்று, பொருளைத் தேர்ந்து, முறை வந்து, பின்னால் நான்கு பேர் காத்திருக்கும்போதுதான் அது கண்ணில் படும். தமிழோ சீனமோ மட்டும் படிக்கத் தெரிந்த மூத்தவருக்கு அப்போதும் படாது. சட்டத்தின் எழுத்துக்கு அது போதுமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். மனிதரை மதிக்கும் கடை அந்த அறிவிப்பை வாசலிலேயே, நான்கு மொழிகளிலும் வைக்கும். நம் நாட்டுக் காசில்கூட நான்கு மொழியிலும் நாட்டின் பெயர் இருக்கிறதே.

பணம் கொடுப்பவர் பக்கமும் ஒரு வரம்பு உண்டு. சில்லறைக் காசை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொட்டி எடுத்துக்கொள் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2014-இல் சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கைப்பேசிக் கடை, வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவேண்டிய ஆயிரம் வெள்ளிக்குச் சற்று மேற்பட்ட தொகையைக் காசு காசாகப் பையில் போட்டுக் கொடுத்ததும், நாடே கொதித்ததும் பலருக்கு நினைவிருக்கும். எந்தப் பணம் எந்த அளவில் செல்லும் என்ற கேள்வியைப் பொதுமக்கள் வாயில் போட்ட சம்பவம் அது.

இனி, கடைகள் ஏன் மறுக்கின்றன? பேராசையால், திமிரால் என்று கோபத்தில் சொல்லிவிடுவது எளிது. கணக்கெழுதுகிறவன் கண்ணுக்குத் தெரிவது வேறு.

ரொக்கம் இலவசமாக வருவதில்லை. காலையில் கடை திறக்கும்போது கல்லாவில் சில்லறை இருக்க வேண்டும். அதற்கு வங்கிக்குப் போய்க் காசு வாங்கிவர வேண்டும். நாள் முழுக்க யார் யாரோ கல்லாவைத் திறந்து மூடுகிறார்கள். இரவு எண்ணும்போது 12 வெள்ளி குறைகிறது, யார் மேல் பழி போடுவது? மிச்சம் கொடுத்ததில் தவறு நடந்திருக்கலாம், வேண்டுமென்றே நடந்திருக்கவும் செய்யலாம். அந்தச் சந்தேகமே நல்ல வேலையாளைக் கடையை விட்டு ஓடவைத்த கதைகள் எனக்குத் தெரியும். எண்ணி முடித்த பணத்தை யாராவது வங்கியிலோ பணம் போடும் இயந்திரத்திலோ கொண்டுபோய்ப் போட வேண்டும். வியாபாரக் கணக்கில் சில்லறைக் காசைப் போட வங்கிகள் கட்டணம் வசூலிக்கின்றன. கடைத்தொகுதியில் ஐந்தாறு கிளைகள் வைத்திருக்கும் நிறுவனம் பணத்தை எடுத்துப்போகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டுகிறது. இதோடு ஆள் பற்றாக்குறையையும் சேர்த்துப் பாருங்கள். தொடுதிரையில் வாடிக்கையாளரே பதிவுசெய்து, அங்கேயே பணத்தையும் கட்டிவிட்டால் கல்லாவுக்கென்று ஒரு ஆள் வேண்டாம். கொவிட் காலத்தில் நோட்டைத் தொடவே பயந்த அந்த இரண்டு ஆண்டுகள், தயங்கிக்கொண்டிருந்த கடைகளையும் தள்ளிவிட்டன.

ஆனால் சின்னக் கடைக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மளிகைக்கடையில் திருட்டுப் பயம் குறைவு. இன்று வந்த ரொக்கத்தை வைத்தே நாளைக் காலைக் காய்கறிக்காரருக்குக் கொடுத்துவிடலாம். கடன் அட்டையை ஏற்றால் ஏறத்தாழ 2, 3 விழுக்காடு கட்டணமாகப் போகிறது. ஒரு தட்டுச் சோற்றில் மிஞ்சும் லாபமே சில காசுகள்தான் என்னும்போது அந்தக் கட்டணம் உறைக்கும். அதனால்தான் லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையச் சந்தையில் பல கடைகளில் இன்றும் ரொக்கத்தை மகிழ்ச்சியாக வாங்குகிறார்கள். ரொக்கத்தை மறுக்கும் கடைகளில் நான் அதிகம் பார்ப்பது பெரிய கிளைக்கடைகள், குளிரூட்டிய காப்பிக்கடைகள், புதுப்பாணி ரொட்டி, இனிப்புக் கடைகள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. எல்லாக் கடையும் அப்படி ஆகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ரொக்கம் லாபமாக இருக்கும் கடைகள் இங்கே நிறைய இருக்கின்றன.

இந்த மாற்றம் திடீரென்று வந்ததும் இல்லை. வங்கி அட்டையால் கடையில் பணம் கட்டும் நெட்ஸ் தொடங்கியது 1985-இல். வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் அனுப்பும் ஃபாஸ்ட் முறை 2014-இல் வந்தது. 2017 ஜூலையில் பேநவ் வந்து, கைப்பேசி எண்ணோ அடையாள அட்டை எண்ணோ இருந்தால் போதும் என்றாக்கியது. அந்த ஆண்டுத் தேசிய தினக் கூட்ட உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், சீன நகரங்களில் சாலையோரக் கடைகள்கூட ரொக்கமில்லாமல் நடப்பதைச் சொல்லி, நாம் பின்தங்கியிருக்கிறோம் என்று வெளிப்படையாகப் பேசினார். 2018 செப்டம்பரில், ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக ஒட்டிவைத்திருந்த சதுரக் குறியீடுகளை ஒரே அட்டையில் சேர்க்கும் எஸ்ஜிகியூஆர் அறிமுகமானது. தொடக்கத்தில் அது 27 கட்டண முறைகளை ஏற்றது. 2020-இல் உணவங்காடிக்காரர்களுக்கு அரசாங்கம் ஒரு தூண்டுதல் கொடுத்தது: மாதம் குறைந்தது 20 முறை மின்னிலக்கக் கட்டணம் பெற்றால் 300 வெள்ளி, ஐந்து மாதங்கள் வரை. என் வாடிக்கையாளர்களில் வயதான ஒரு பலகாரக் கடைக்காரர் அந்தத் தொகைக்காகத்தான் முதலில் குறியீட்டை மாட்டினார். இப்போது அது இல்லாமல் கடை நடத்த முடியாது என்கிறார். சுடச்சுட எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவருக்குக் கை கழுவி நோட்டை வாங்கி மிச்சம் கொடுக்கும் வேலை குறைகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

பேநவ் வந்ததில் நமக்கென்று ஒரு பெரிய நன்மையும் நடந்தது. 2023 பிப்ரவரி 21 அன்று அது இந்தியாவின் யுபிஐயோடு இணைக்கப்பட்டது. ஊருக்குச் சிறு தொகை அனுப்ப ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்ற காலம் போய், படுக்கையில் இருந்தபடியே தங்கையின் கணக்கில் போட முடிகிறது. ரொக்கமில்லாக் கட்டணத்தை நான் எதிர்க்கவில்லை என்பது புரியத்தான் இதைச் சொல்கிறேன். இன்னொரு வழியைச் சேர்ப்பது நல்ல காரியம். இருந்த வழியை அடைத்துவிடுவதில்தான் எனக்குக் கவலை.

அடைத்தால் யார் வெளியே நிற்பார்கள் என்று பாருங்கள்.

முதலில் உங்கள் அம்மா போன்றவர்கள். கைப்பேசி தெரியாததால் மட்டுமே அவர்கள் ரொக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பல மூத்தவர்களுக்கு ரொக்கம்தான் கணக்குப் புத்தகம். மாதத் தொடக்கத்தில் எடுத்துவந்து, சந்தைக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு, பேரப்பிள்ளைக்கு இவ்வளவு என்று தனித்தனி உறையில் வைப்பார்கள். உறை மெலிந்தால் செலவைக் குறைப்பார்கள். தட்டிவிட்டுப் போகும் அட்டையில் அந்த மெலிவு தெரிவதில்லை.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு தெளிவான சாட்சி இருக்கிறது. 2024 ஜனவரி 9 அன்று நிலப் போக்குவரத்து ஆணையம், பழைய முறையில் இயங்கும் வயது வந்தோருக்கான ஈசி-லிங்க் பயண அட்டைகள் எல்லாம் ஜூன் 1 முதல், மிச்சக் கணக்கை அட்டையில் இல்லாமல் கணினியில் வைக்கும் சிம்ப்ளிகோ முறைக்கு மாற வேண்டும் என்று அறிவித்தது. மக்கள் கொந்தளித்ததற்கு முக்கியக் காரணம் ஒன்று: எம்ஆர்டி ரயில் நுழைவாயிலில் தட்டும்போது எவ்வளவு கட்டணம் பிடித்தார்கள், அட்டையில் எவ்வளவு மிச்சம் என்பது திரையில் தெரியாது, கைப்பேசிச் செயலியில்தான் பார்க்க வேண்டும். இரண்டே வாரத்தில், ஜனவரி 22 அன்று, அந்த முடிவு கைவிடப்பட்டது. பழைய முறையைத் தொடர்ந்து நடத்த 40 மில்லியன் வெள்ளி கூடுதலாகச் செலவாகும் என்று அன்றைய போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் சொன்னார். தன் பணம் எவ்வளவு மிச்சம் என்பதைக் கண்ணால் பார்க்க மக்கள் எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதற்கு அந்தத் தொகை ஓர் அளவுகோல். அட்டையில் கட்டவே மாட்டோம் என்று யாரும் சண்டை போடவில்லை. மிச்சத்தைக் காட்டு என்றுதான் கேட்டார்கள்.

அடுத்தவர்கள் நம் வெளிநாட்டு ஊழியர்கள். 2020-இல் கொவிட் காலத்தில், விடுதிகளில் தங்கியிருப்பவர்களின் சம்பளத்தை முதலாளிகள் மின்வழியில்தான் போட வேண்டும் என்று மனிதவள அமைச்சு விதித்தது. நல்ல விதி அது. சம்பளம் கொடுத்தேன், கொடுக்கவில்லை என்ற தகராறுகளுக்கு வங்கிக் கணக்கே பதில் சொல்லிவிடும். ஆக இன்று அந்தத் தம்பிகளிடம் வங்கிக் கணக்கு இருக்கிறது, பேநவ்வும் இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கணிசமானவர்கள் ரொக்கத்தோடுதான் வருகிறார்கள். ஒரு அறையில் எட்டுப் பேர் சேர்ந்து காய்கறி, மீன் வாங்கிப் பங்கு பிரிக்கும்போதும், நண்பனுக்கு 20 வெள்ளி கைமாற்றுக் கொடுக்கும்போதும் நோட்டுதான் சுலபம். உடைந்த திரையும் தீர்ந்துபோன மின்கலமுமாக இருக்கும் கைப்பேசியை நம்பிச் சாப்பாட்டு வரிசையில் நிற்பது அவர்களுக்கு ஒரு பதற்றம்.

மூன்றாவதாக, ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர். சுற்றுப்பயண அனுமதியில் வருபவருக்கு இங்கே வங்கிக் கணக்கு கிடையாது, எனவே பேநவ் கிடையாது. இந்திய வங்கி அட்டை இருந்தாலும் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு அதைத் திறந்துவைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மாற்றுக் கட்டணம் வேறு. யுபிஐ குறியீட்டை ஏற்கும் கடைகள் இங்கே சில இருக்கின்றன, எங்கும் இல்லை. பணமாற்று வியாபாரியிடம் மாற்றிய நோட்டுதான் அவர்கள் கையில் இருக்கும் ஒரே பணம். மகன் வேலைக்குப் போயிருக்கும் பகலில் தனியாகக் கடைக்குப் போய்த் தண்ணீர்ப் புட்டி வாங்க முடியாமல் திரும்பிவந்த ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். மறுநாள் அவர் வெளியே போகவே இல்லையாம்.

இவை எல்லாம் தனிமனிதர் கஷ்டங்கள். நாடு முழுவதுக்குமான காரணம் ஒன்றும் இருக்கிறது. 2023 அக்டோபர் 14, ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். தரவு மையம் ஒன்றில் குளிரூட்டும் அமைப்பில் கோளாறு. அங்கே தங்கள் கணினிகளை வைத்திருந்த டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சேவைகள் முடங்கின. கட்டணங்களும் தானியக்க இயந்திரப் பரிவர்த்தனைகளுமாகச் சுமார் 25 லட்சம் நிறைவேறாமல் போயின என்று பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. டிபிஎஸ் சேவைகளில் அந்த ஆண்டு மார்ச்சிலும் மே மாதத்திலும்கூடத் தடங்கல் ஏற்பட்டிருந்தது. நவம்பரில், மத்திய வங்கியான நாணய ஆணையம், அத்தியாவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்திவைக்கும்படி அந்த வங்கிக்கு உத்தரவிட்டது. அந்தச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டை வாங்க முடிந்தவர்களில் ஏற்கனவே பணப்பையில் நோட்டு வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். கவனியுங்கள், இயந்திரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தவர்களுக்கும் அது உதவவில்லை.

ரொக்கத்தை வேகமாகக் கைவிட்ட நாடுகள் இதை உணர்ந்து திரும்பிப் பார்க்கின்றன. ஸ்வீடன் அரசாங்கம் 2018-இல் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிகாலக் கையேட்டில், சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது. நார்வேயில் 2024 அக்டோபர் முதல், கடைகளில் ரொக்கமாகக் கட்டும் உரிமையைச் சட்டம் வலுப்படுத்தியிருக்கிறது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா 2019-இலும் நியூயார்க் நகரம் 2020-இலும் கடைகள் ரொக்கத்தை மறுப்பதைத் தடைசெய்தன. வங்கிக் கணக்கில்லாத ஏழைகள் அங்கே அதிகம் என்பது அவற்றின் முக்கியக் காரணம். சிங்கப்பூரில் அந்த நிலை இல்லை. கிட்டத்தட்ட எல்லாரிடமும் ஒரு கணக்காவது இருக்கிறது. அதனால் நியூயார்க்கைப் போல ஒட்டுமொத்தத் தடை இங்கே வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். ஆறு வெள்ளிக்குக் காப்பி விற்கும் கடை தன் விருப்பப்படி நடந்துகொள்ளட்டும். பக்கத்திலேயே ஒரு வெள்ளி சொச்சத்துக்குக் காப்பி கொடுக்கும் கடை இருக்கிறது, நோட்டையும் வாங்கிக்கொள்ளும்.

நான் கேட்பது இதுதான்: சாப்பாடு, மருந்து, போக்குவரத்து, அரசாங்கச் சேவை ஆகிய நான்கு இடங்களில் ரொக்கத்துக்கு ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். உணவங்காடி நிலையத்தில் ஒரு கடை மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம். ஒரு தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரே உணவகமும் மறுத்தால் அங்கே வேலை செய்பவர் எங்கே போவார்? பேட்டையில் மருந்தகம் ஒன்றுதான் என்றால்? அரசாங்கமே இதில் நல்ல உதாரணம் காட்டியிருக்கிறது. வீடுகளுக்கு அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டுகள் மின்னிலக்கமாக வந்தாலும், கைப்பேசி இல்லாதவர் சமூக மன்றத்துக்குப் போய்த் தாளில் அச்சிட்டு வாங்கிக்கொள்ள வழிவைத்தார்கள். பேருந்தில் இன்றும் ரொக்கம் போடலாம். அட்டைக் கட்டணத்தைவிட அதிகம், மிச்சம் தரமாட்டார்கள், ஆனாலும் வழி இருக்கிறது. அந்தக் கவனத்தைப் பெரிய உணவக நிறுவனங்களிடமும் எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஐந்து கட்டண இயந்திரங்கள் இருக்கும் இடத்தில் ஒன்றாவது நோட்டை வாங்கட்டும்.

பெருந்தொகை ரொக்கம் வேறு விஷயம், அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தாலிக்கொடி வாங்க நகைக்கடைக்கு 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கமாகக் கொண்டுபோனால் கடைக்காரர் உங்கள் விவரங்களைக் கேட்பார், அதிகாரிகளுக்கு அறிக்கையும் அனுப்புவார். 2019-இல் வந்த சட்டம் அவருக்கு விதித்த கடமை அது. 10,000 வெள்ளி நோட்டை 2014-இலும், 1,000 வெள்ளி நோட்டை 2021 தொடக்கத்திலும் நாணய ஆணையம் வெளியிடுவதை நிறுத்தியதும் கள்ளப் பணத்தைத் தடுக்கத்தான். புழக்கத்தில் இருப்பவை இன்னமும் செல்லும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பழக்குவதா, விட்டுவிடுவதா என்று இரண்டில் ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது. கைப்பேசிச் செயலியில் தொடங்காதீர்கள். முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் நெட்ஸ் அட்டையோ ஈசி-லிங்க் அட்டையோ ஒன்றை வாங்கி, அதில் 30, 40 வெள்ளி மட்டும் போட்டுக் கொடுங்கள். அது அவருடைய உறைகளில் இன்னொரு உறை மாதிரி. தொலைந்தாலும் அந்த 40 வெள்ளியோடு போகும், வங்கிக் கணக்கைத் தொடாது. கடவுச்சொல் வேண்டாம், சிறிய எழுத்தைப் படிக்க வேண்டாம். எந்தக் கடையில் எந்த அட்டை செல்லும் என்பதை முதலில் நீங்கள் கூடவே போய்ப் பாருங்கள், அவர் வழக்கமாகப் போகும் நான்கைந்து இடங்கள் போதும். மற்றபடி அவருடைய ரொக்கப் பழக்கத்தை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

அவராகவே பேநவ் பழக விரும்பினால், சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள். 2020-இல் தொடங்கிய திட்டம் இது. தமிழ் பேசுபவர் எப்போது இருப்பார் என்று முன்பே கேட்டுக்கொண்டு அழைத்துப்போங்கள். பிள்ளைகள் கற்றுக்கொடுப்பதைவிட வெளியாள் கற்றுக்கொடுத்தால் அம்மாக்கள் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். நமக்குத்தான் மூன்றாவது முறை சொல்லும்போது குரல் உயர்ந்துவிடுகிறது.

ரொட்டிக்கடைக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். என்ன நடந்தது, எந்தக் கிளை, எப்போது என்று சுருக்கமாகச் சொல்லி, ரொக்கம் ஏற்கப்படாது என்ற எழுத்து அறிவிப்பு வாசலில் இருந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் வைக்கச் சொல்லுங்கள், இருந்தால் நான்கு மொழியிலும் வைக்கும்படி கேளுங்கள். கல்லாவில் நின்ற பிள்ளையைக் குறைசொல்ல வேண்டாம், அந்த முடிவு அவருடையது இல்லை. பதிலே வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் கொண்டுபோகலாம். இப்படி வரும் கடிதங்களைப் பெரிய நிறுவனங்கள் எண்ணிப் பார்க்கின்றன என்பது என் அனுபவம்.

கடைசியாக, அம்மா மின்னிலக்கக் கட்டணத்துக்கு வந்தால் அதோடு வரும் ஆபத்தைப் பற்றியும் அவரிடம் பேசியாக வேண்டும். 2024-இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் இழந்த பணம் 1.1 பில்லியன் வெள்ளி. வங்கிச் செயலியில் அன்றாட வரம்பை 100 வெள்ளிக்கோ அதற்குக் கீழோ குறைத்துவையுங்கள். சேமிப்பின் பெரும்பகுதியை, மின்வழியில் யாரும் எடுக்க முடியாதபடி வங்கிகள் தரும் பணப் பூட்டு வசதியில் போட்டுவிடுங்கள். ரசீதோ குறுஞ்செய்தியோ பார்த்துக் குழப்பம் வந்தால் எந்த இணைப்பையும் தொடாமல் முதலில் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் கிடைக்காவிட்டால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. அந்த எண்ணையும் உங்கள் எண்ணையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அவர் நோட்டு வைக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள்.